ஜெசிந்தா வாசித்த பத்தாம் பாடம்

குரல் ஜெசிந்தா அக்காவுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கமா, சந்தேகம் இல்லை என்று இத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொள்வதுதான் நன்றாகப் படவில்லை, ஃபுல் ஸ்டாப். பார், நினைப்புக்குக்கூடப் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு ப்ளஸ் டூ இங்கிலீஷ் பரீட்சை. கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் உட்கார்ந்து, நாம் சொல்லச் சொல்ல எழுதுவார். ஸ்கிரைப் என்பார்கள். முன்பின் பழக்கமில்லாத ஆளாகப் பார்த்துத்தான் போடுவார்கள். கமா என்றால் கமா போடுவார், நியூ பாரா என்றால் நியூ பாரா, நாம் வாயை மூடினால் அவரும் பேனாவை மூடிவிடுவார். அதனால் பத்து நாளாக வாயாலேயே பரீட்சை எழுதிப் பழகி, இப்போது சாப்பாட்டு மணி அடித்தால்கூட, சாதம் கமா சாம்பார் கமா என்றுதான் மனசு போகிறது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். விடுதியில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் லீவு விட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நான், பதினொன்றாவது படிக்கிற பர்வீன், வார்டன் தங்கபுஷ்பம் அக்கா, மூன்று பேர்தான் பாக்கி. இருபத்திரண்டு கட்டில் கிடக்கிற கூடத்தில் ஒரே ஒரு கட்டிலில் ஆள் இருந்தால் ஃபேன் சத்தம் வேறு மாதிரி கேட்கும். நாலு சுற்றுக்கு ஒரு தடவை டிக் என்கிறது. பிள்ளைகள் இருக்கும்போது அது டிக் சொன்னதே இல்லை, சொல்லியிருக்கும், நாங்கள் பேசிப் பேசி அதை அமுக்கி வைத்திருப்போம். இடது காதில் இயர்போன், வலது காது உலகத்துக்கு. ரெண்டு காதிலும் மாட்டினால் யாராவது வந்து நின்றால்கூடத் தெரியாது, எனக்கு அது பிடிக்காது. பிளேயரில் பத்தாம் பாடத்தை மறுபடி போடுகிறேன். பனி விழுகிற ஊரில் ஒரு தபால்காரர். லெஸன் டென், என்கிறாள் ஜெசிந்தா அக்கா. குரல் அவளுடையதுதான்.

அவளுடையது என்றால், அந்த ல் போடுகிற விதம், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் லேசாகக் கீழே இறங்கி உட்காருகிற விதம், எல்லாம் அச்சு அசலாக அவள். ஆனால் அவளைச் சுற்றி ஒன்றுமே இல்லை. அதுதான் எங்கேயோ இடிக்கிறது. ஜெசிந்தா அக்கா ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். டோக்கன் கூப்பிடுவது, ஜெல் தடவுவது, பயந்துபோய்ப் படுத்திருக்கிற பொம்பளைகளிடம் பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைப்பது. மாதா கோயிலில் யாரோ கேட்டார்கள் என்று எனக்கு ரெண்டே ரெண்டு பாடம் வாசித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டவள், அப்புறம் விடவில்லை. ஒன்றிலிருந்து ஒன்பது பாடம் வரைக்கும், செய்யுள் எல்லாம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சென்டரின் பின்பக்க அறையில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு பண்ணித் தந்தாள். ஆகவே என் இங்கிலீஷ் புத்தகம் முழுக்கச் சத்தம். பிளாஸ்டிக் நாற்காலி கிரீச்சென்னும், டிபன் பாக்ஸ் மூடி உருளும், எங்கேயோ பிரிண்டர் காகிதத்தைத் துப்பும், நடுவில் அவளே வாயைத் திருப்பிக்கொண்டு, "டோக்கன் பதினேழு, உள்ள வாங்கம்மா, தண்ணி குடிச்சிட்டீங்களா?" என்பாள். அரையாண்டுப் பரீட்சையில் ஒரு ராஜா கதைக்கு விடை சொல்லிக்கொண்டே வருகிறேன், நல்ல வேகம், பாடம் மனசுக்குள் தானாக ஓடுகிறது, தி கிங் கால்ட் ஹிஸ் மினிஸ்டர் கமா டோக்கன் பதினேழு உள்ள வாங்கம்மா ஃபுல் ஸ்டாப். எழுத வந்த டீச்சர் பேனாவை நிறுத்தவே இல்லை. சொன்னதை எழுதுவதுதான் அவர் வேலை, எழுதிவிட்டார். ராஜா யாரைக் கூப்பிட்டார் என்று அப்புறம் வகுப்பே கேட்டுக் கேட்டுச் சிரித்தது. இருபத்தொன்பது மார்க். பாஸாக முப்பத்தைந்து வேண்டும். "பாஸானா காலேஜ், இல்லன்னா வீடு" என்று அண்ணன் போனில் சொல்லிவிட்டான், கோபமாகக்கூட இல்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி. ஜெசிந்தா அக்காவிடம் இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "ஏட்டி செம்பு, அந்தப் பதினேழாம் நம்பர் அம்மாவுக்குத் தெரிஞ்சா எவ்வளவு சந்தோசப்படுவாவ, ராஜாவே கூப்பிட்டிருக்காரு!" செண்பகவல்லி என்கிற என் பேரைச் செம்பு ஆக்கியது அவள்தான்.

இப்போது இதில் டோக்கன் இல்லை. நாற்காலி இல்லை. ஒரு சுவர்க்கடிகாரம் மட்டும், தூரத்தில், அதுவும் காதைத் தீட்டினால்தான். பாடம் பதிந்த இந்த மெமரி கார்டு போன வியாழக்கிழமை வந்தது. பத்தாம் பாடமும் பதினோராம் பாடமும் அதில் இருக்கிறது என்று தங்கபுஷ்பம் அக்கா என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். வைத்த கை உடனே போகவில்லை. கார்டோடு சேர்த்து என் விரல்களை மூடி, ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. வார்டன் கை அப்படியெல்லாம் நிற்கிற கை இல்லை, வாளியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போகிற கை. பொங்கலுக்கு மறுவாரத்திலிருந்தே ஜெசிந்தா அக்காவிடமிருந்து பேச்சு இல்லை. ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டால் முதலில் நாலைந்து நாள் மணி அடித்தது, அப்புறம் அந்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொன்னாள், எல்லோருக்கும் சொல்கிற அதே பெண், அதே இனிப்பான குரல். தங்கபுஷ்பம் அக்காவிடம் கேட்டேன். "அவளுக்கு மெட்ராஸ்ல டிரெயினிங்காம்ட்டி." ரெண்டு வாரம் கழித்துக் கேட்டேன். "ஊருக்குப் போயிருக்கா, அவ அம்மைக்கு முடியல." டிரெயினிங்கா ஊரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ரெண்டு பதில் இருந்தால் ரெண்டும் பதில் இல்லை என்று எனக்குத் தெரியாதா. அந்த நாட்களில் ஸ்கூல் டீச்சர் ஒருவர் பத்தாம் பாடத்தை வாசித்துக் காட்டினார், பாவம், நல்லவர், தொண்டை வற்ற வாசித்தார், எனக்கு ஒரு வரி ஒட்டவில்லை. நான்தான் வார்டனிடம் போய்ச் சொன்னேன், "வேற குரல்ல கேட்டா மண்டையில ஏறமாட்டேங்குக்கா, ஜெசிந்தாக்கா வாசிச்சாத்தான் ஏறும்." செல்லம் கொஞ்சிக்கொண்டுதான் சொன்னேன். பத்தே நாளில் கார்டு வந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன, படிக்கவேண்டியதுதானே, கழுதை. படி.

தபால்காரர் மலை ஏறுகிறார். கையில் ஒரே ஒரு கடிதம். மேலே ஒரு வீடு, ஜன்னலில் வெளிச்சம், கூரையில் புகை. அவர் கதவைத் தட்டுகிறார், பதில் இல்லை. ரெண்டாவது தடவை தட்டுகிறார், பதில் இல்லை. ஒய் டிட் தி போஸ்ட்மேன் நாக் எ தேர்ட் டைம், கேள்விக்குறி, ஐந்து மார்க், கட்டாயம் வரும் என்று ஸ்கூலில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். பிகாஸ் ஹி ஸா தி லைட் கமா ஹி பிலீவ்ட் ஸம்ஒன் வாஸ் இன்ஸைட் ஃபுல் ஸ்டாப். சரி. இந்த இடத்தில் ஜெசிந்தா அக்கா நிறுத்திப் பனி என்றால் என்ன என்று சொல்கிறாள். "பனின்னா என்னன்னு கேக்கியா செம்பு? நம்ம சென்டர்ல வயித்துல தடவுவோம்லா ஜெல்லு, அது மேல விழுந்தா எப்படித் துள்ளுவாங்க, அதைப் போல ஊரு பூராவும் ஜெல்லு கொட்டிக் கெடக்குன்னு வச்சிக்கோ." அப்புறம் சிரிக்கிறாள். இதை அவள் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். மூன்றாவது செய்யுளில், அங்கேயும் பனி வருகிறது, இதே வார்த்தை, இதே சிரிப்பு. ஒருத்தி ஒரு வேடிக்கையை ரெண்டு தடவை சொல்லக்கூடாதா, சொல்லலாம், என் அப்பா ஒரே கதையை நாற்பது தடவை சொல்வார். ஆனால் அப்பா ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் சிரிப்பார். நேற்று நான் பழைய கார்டை எடுத்து மூன்றாவது செய்யுளைக் கேட்டேன், உடனே இதைக் கேட்டேன், மறுபடி அதை, மறுபடி இதை. சிரிப்பு ஒரே நீளம். மூன்று சின்னது, ஒன்று பெரியது, கடைசியில் மூக்கால் ஒரு காற்று. சிரிப்பை யாராவது மனப்பாடம் பண்ணுவார்களா? மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருஷமாக நான் காதால் வாங்கி வாயால் ஒப்பிக்கிறவள். மனப்பாடத்துக்கு ஒரு வாடை உண்டு. தெரிந்ததைச் சொல்கிறவர்கள் யோசித்து நிற்பார்கள், மனப்பாடம் சொல்கிறவர்கள் மறந்து நிற்பார்கள், ரெண்டு நிற்பும் வேறு. அந்தக் குரல் செம்பு என்று கூப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி நிற்கிறது. என் பேரையும் பாடத்தோடு பாடமாக வாசிக்கிறது.

அப்படியானால் இது யார். நினைத்தவுடன் முதுகில் ஏதோ ஊர்ந்தது, கையை விட்டுப் பார்த்தேன், வேர்வைதான். வெயில் ஓட்டில் இறங்கிக் கூடம் முழுக்க வெந்துகொண்டிருக்கிறது, பங்குனி வெயில், எனக்கு மட்டும் முழங்காலுக்குக் கீழே சில்லென்று இருக்கிறது. ஜெசிந்தா அக்கா மூன்று ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்திருக்கிறாள். சினிமாவில் வருகிற மாதிரி நான் அவள் முகத்தைத் தடவியெல்லாம் பார்க்கவில்லை, யார் முகத்தையும் தடவுகிற வழக்கம் எனக்கு இல்லை. கை கொடுத்தாள், ஏ.சி.யிலேயே கிடந்து கிடந்து குளிர்ந்துபோன கை, இரும்புச் சங்கிலி வாட்ச். பக்கத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டாள், எனக்கு வைத்ததிலும் பாதியைச் சாப்பிட்டாள். "நீ இங்கிலீசு பி.ஏ. படிட்டி. உன் உச்சரிப்பு என்னைய விட நல்லா இருக்கு, ஆனா என்னைய மாதிரியே இருக்கு, அது ஏன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். நான் இங்கிலீஷ் பேசினால் அவள் குரலில்தான் வருகிறது, எல்லோரும் சொல்கிறார்கள். இருட்டில், எனக்கு எல்லாம் இருட்டுதான், யாராவது என்னைக் கேட்டால் ஜெசிந்தா என்றே நினைப்பார்கள். நேற்று வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தபோது பர்வீன் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. நின்றவள் உள்ளே வராமல் "யா அல்லா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள், செருப்புச் சத்தம் படி வரைக்கும் கேட்டது. என்னட்டி என்று கூப்பிட்டேன். நான் பேசினால் ஒருத்தி எதற்கு ஓடவேண்டும்? நான் என்ன பேயா, இல்லை என் வாயில் ஏதாவது.

வேண்டாம். பதினோராம் பாடம். அதைப் போட்டாலும் நிம்மதி இல்லை, இது இன்னும் மோசம். பத்தாம் பாடத்தில் அவள் தனியாக இருக்கிறாள், பதினோராம் பாடத்தில் அவளோடு இன்னொரு ஆள் இருக்கிறது. வாசிக்கவில்லை, பேசவில்லை, சும்மா மூச்சு விடுகிறது. மைக்குக்குப் பக்கத்தில் இல்லை, ஐந்தாறு அடி தள்ளி, கொஞ்சம் உயரத்தில், நின்றுகொண்டு விடுகிற மூச்சு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நகரவே இல்லை. நாற்பது நிமிஷம் யார் அப்படி நிற்பார்கள்? பிரமை என்று நினைத்துத்தான் பர்வீனைக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லியேக்கா, அந்த அக்கா வாசிக்கிறதுதான் கேக்குது" என்றாள், அந்த அக்கா என்ற இடத்தில் அவள் குரல் கனத்தது. கண் இருக்கிறவர்களுக்குக் காது பாதிதான். பத்தாம் பாடத்தின் முடிவு வேறு. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஜெசிந்தா அக்கா "அவ்வளவுதான், ஓடு" என்பாள், டொக் என்று நிறுத்துவாள். இதில் அந்த அவ்வளவுதான் இல்லை. கடைசி வாக்கியம் முடிகிறது, மறுநாள் காலையில் கடிதத்தைக் காணோம், பனியில் காலடியும் இல்லை, ஃபுல் ஸ்டாப், அதற்குப் பிறகு டொக் வரவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. பர்வீன் பிளேயரை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்து நாற்பத்தொரு நிமிஷம் என்றாள். வாசிப்பு முப்பத்துமூன்றிலேயே முடிந்துவிடுகிறது. பாக்கி எட்டு நிமிஷத்தில் என்ன இருக்கிறது? வெறும் சத்தமின்மையாக இருக்கும். நிறுத்த மறந்திருப்பாள். ஆனாலும் கடைசி வாக்கியம் முடிந்த உடனே என் கட்டைவிரல் தானாக அமுக்கி நிறுத்திவிடுகிறது, ஒவ்வொரு தடவையும், அடுப்பில் பட்ட கை மாதிரி.

மூன்று மணிக்கு எழுந்து யூனிஃபார்மைத் துவைக்கப் போனேன். நாளைக்குப் போட இது ஒன்றுதான் நல்லது. பிளேயரை நைட்டிப் பையில் போட்டு இயர்போனைக் காதிலேயே விட்டுக்கொண்டு, பத்தாம் பாடத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். பின்கட்டில் துவைகல் சுட்டுக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் அக்கா குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தார், கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, கேட்டும்விட்டேன். "அக்கா, ஜெசிந்தாக்காட்ட ஒரு நிமிசம் பேசணும். நாளைக்குப் பரீட்சைல்லா, ஒரு வார்த்தை கேட்டா தைரியமா இருக்கும்." அரிசி களைகிற சத்தம் நின்றது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. "அதான் கார்டு குடுத்திருக்காளே, அதைக் கேளு." "அது பாடம்க்கா." "பரீட்சை முடியட்டும்ட்டி," என்றார், "அப்புறம் எல்லாம் பேசிக்கலாம்." சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார், களைவதைப் பாதியிலேயே விட்டுவிட்டு. போகும்போது சேலையால் மூக்கைத் துடைக்கிற சத்தம்.

எல்லாம் என்றால் என்ன எல்லாம். இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு சோஷியல் பரீட்சைக்கு முன்னால் அம்மா போனில் இதையேதான் சொன்னாள், "பரீட்சை முடியட்டும்டா, எல்லாம் பேசிக்கலாம்." சங்கரன் மாமாவிடம் போனைக் கொடு என்று கேட்டிருந்தேன். என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து, எதிரில் வருகிறதை எல்லாம் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுகிற மாமா, ஒரு எருமை வருது, ஒரு போலீஸ் வருது, எருமை பரவாயில்ல. அம்மா அப்படிச் சொன்ன அன்றைக்கு மாமாவைப் புதைத்து நாலு நாள் ஆகியிருந்தது. நான் உலகப்போரின் காரணங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், வெளியே எல்லோருக்கும் தெரியும், விடுதியில் தெரியும், எனக்கு விடை எழுதிய டீச்சருக்குக்கூடத் தெரிந்திருக்கும். நம் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். பிள்ளைக்குப் பரீட்சை என்றால் சாவைக்கூட வாசலில் நிறுத்திவைத்துவிடுவார்கள். கண் தெரிகிற பிள்ளையிடம் மறைப்பது கஷ்டம், நெற்றியைப் பார்த்தால் தெரியும், வாசலைப் பார்த்தால் தெரியும். என்னிடம் ரொம்ப சுலபம், பேசாமல் இருந்தால் போதும். மாமா காரியம் முடிந்து வீட்டுக்குப் போனபோது சைக்கிள்கூட இல்லை, யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சாவை விடப் பெரிய கோபம் அந்த நாலு நாள் மேல்தான். நாலு நாளும் நான் சாப்பிட்டேன், சிரித்தேன், மாமா ஊருக்கு வந்தால் என்ன வாங்கி வருவார் என்று பேசினேன், எல்லோரும் கேட்டுக்கொண்டு ம்ம் போட்டார்கள். அப்படியானால் ஜெசிந்தா அக்கா. சொல்லாதே. சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் இல்லாமல் போய்விடுமா, செத்துப்போய்விட்டாளா ஜெசிந்தா அக்கா? செத்துப்போனவள் எப்படிப் போன வியாழக்கிழமை கார்டு அனுப்புவாள், எப்படிப் பனியைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாள், எப்படிச் செம்பு என்பாள். காதில் தபால்காரர் ரெண்டாவது தடவை தட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் இருக்கிறது, புகை இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கவேண்டும் என்று ஹி பிலீவ்ட். நான் காலரை அழுத்தித் தேய்த்தேன். முழங்கை வரைக்கும் சோப்பு. பயமாக இருந்தது, வெட்டவெளிச்சத்தில், பட்டப்பகலில், காக்கை கத்துகிற இடத்தில்.

கடிதத்தைக் காணோம், பனியில் காலடியும் இல்லை. பாடம் முடிந்தது. கட்டைவிரல் துள்ளியது, ஆனால் ரெண்டு கையும் சோப்புக்குள் இருந்தது, இந்தக் கையால் பிளேயரைத் தொட்டால் நாளைக்கு அதுவும் இல்லை. கழுவலாம் என்று குழாயைத் தேடினேன், தங்கபுஷ்பம் அக்கா இறுக்கி மூடிவிட்டுப் போயிருக்கிறார், வழுக்குகிறது, திரும்பவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரம். கடிகாரம். காகிதம் புரள்கிற சத்தம். தோளால் காதை உரசி இயர்போனைத் தள்ளப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம் ஒரு பெண் குரல், "ஏம்மா இங்க வந்து நிக்க?" மெல்லிய, வேகமான, சின்ன வயசுக் குரல். எனக்குத் தெரியாத குரல். மைக்குக்குப் பக்கத்தில், இவ்வளவு நேரம் ஜெசிந்தா அக்கா இருந்த அதே இடத்தில் இருந்து வருகிறது. நான் துவைகல்லைப் பிடித்துக்கொண்டேன். தூரத்திலிருந்து வயசான குரல் ஒன்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "அடுப்படில நின்னேன் செலினு. உள்ள அவ பேசுத மாதிரியே கேட்டுச்சு. அவதான் வந்துட்டான்னு ஓடிவந்தேன்." சின்ன வயசுக் குரல் சொன்னது, "நாந்தாம்மா. அக்கா ரெக்கார்டு பண்ணி வச்சதை எல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகுனேன். விடுதியில படிக்கிற அந்தப் புள்ளைக்கு வேற யாரு வாசிச்சாலும் ஏறமாட்டேங்காம். வார்டனம்மா வீட்டுக்கு வந்து அழுதாவல்லா. அக்கா செத்தது அதுக்கு இன்னும் தெரியாதும்மா. பரீட்சை முடிஞ்சுதான் சொல்லணும்னு இருக்காவ." "எப்படிடி சிரிச்ச? அவ சிரிச்ச மாதிரியே எப்படிடி உனக்குச் சிரிக்க வந்துச்சு?" மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது, ரெண்டு பேரில் யாருடையது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. "வேண்டாம்னா நிப்பாட்டிடுதேன்மா. இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கு, உனக்குத் தாங்கலன்னா வேண்டாம், மொட்டை மாடில போயி வாசிக்கேன்." கடிகாரம் ஓடியது. எத்தனை நேரம் என்று நான் எண்ணவில்லை, எதையும் எண்ணாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் அந்த அம்மா சொன்னார், "இங்கனயே வாசி. கதவை அடைக்காத. நான் இங்க நின்னு கேட்டுக்கிடுதேன்." நாற்காலியைத் தள்ளுகிற சத்தம். "ஐயோ, இது ஓடிக்கிட்டே இருக்கே," என்றது செலினின் குரல். டொக்.

சோப்பு கையிலேயே காய்ந்து தோல் இழுத்தது. அழவேண்டும் போல இருந்தது, அழுதேன், சத்தம் வராமல், சத்தம் வந்தால் தங்கபுஷ்பம் அக்கா அடுக்களையை விட்டு வந்துவிடுவார், வந்தால் நான் தெரிந்துகொண்டது அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பெண் எதற்காக அக்காவின் சிரிப்பைப் படித்தாள், அந்த அம்மா எதற்காகக் கதவடியில் நின்றார், எல்லாம் வீணாகிவிடாதா. ஜெசிந்தா அக்கா இல்லை. இல்லை, ஃபுல் ஸ்டாப், என்று சொல்லிப் பார்த்தேன், எழுத ஆள் இல்லாமல் அது அப்படியே நின்றது. நாளை எனக்குக் கூடுதல் நேரம் உண்டு, ரெண்டேகால் மணிக்குத்தான் பரீட்சை முடியும். முடிந்து வாசலுக்கு வந்தால் தங்கபுஷ்பம் அக்கா நிற்பார், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாகக் கூட்டிப்போய், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறுவார். செலினும்கூட வரலாம், அந்த அம்மாவும் வரலாம். அவர்கள் சொல்லும்போது நான் அப்போதுதான் முதல் தடவை கேட்கிறவளாக இருக்கவேண்டும். எப்போ என்று கேட்கவேண்டும், எப்படி என்று கேட்கவேண்டும், என்கிட்ட ஏன் சொல்லல என்று கொஞ்சம் கோபப்படவும் வேண்டும், இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள். அதையும் இன்றைக்கே பழகிக்கொள்ளவேண்டும். "ஏட்டி செண்பகம்," அடுக்களை ஜன்னலிலிருந்து தங்கபுஷ்பம் அக்கா கூப்பிட்டார், "இன்னுமா துவைக்க? படிச்சு முடிச்சிட்டியா?" தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டேன். "இல்லக்கா, இன்னும் ஒரு பாடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கையை நைட்டியில் துடைத்து, பதினோராம் பாடத்தைப் போட்டேன்.